நபீலாவின் பெயரை அச்சுக் கோத்தவன்

1

இந்தக் கதை ஒரு நோட்டீஸிலிருந்து பிறந்தது. அந்த நோட்டீஸை அச்சுக் கோத்தவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மிச்சத்தை எழுதக் கை கொஞ்சம் லேசாக இருக்கும்.

1997. கல்முனையில் ஓர் அச்சகம். பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வந்து ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்குவது என் தொழில். பெயர் தங்கராசா. ஒரு வியாழக்கிழமை சீனிமுகம்மது என்பவர் கையால் எழுதிய தாளொன்றைக் கொண்டுவந்தார். புற்றுநோயைத் தீர்க்குமென்று ஒருவர் விற்ற பொடிக்கு விளம்பரம். அடியில் இப்படி இருந்தது: ‘இதன் பலனை உறுதி செய்பவர், லண்டன் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் டாக்டர் நபீலா கலந்தர்.’ நபீலா அவருடைய தங்கையின் மகள். அவளுக்கு இது தெரியுமா என்று நான் கேட்கவில்லை. இருநூறு பிரதிகள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவர்களின் கைகளுக்குப் போயின.

2

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: “மனித நெஞ்சுக்கூட்டுக்குள், இதயத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறிய சுரப்பி—” பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

பிறகு: “கலந்தருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, பெருநாளைக்கு ஐந்து மாதம் முன்பு—” இது பரவாயில்லை. ஆனால் இது கலந்தரின் கதை அல்ல.

நபீலா, கல்முனைச் சந்தையில் இறைச்சிக்கடை வைத்திருந்த கலந்தரின் மகள். பேராதனையில் படித்து, இங்கிலாந்துக்குப் போய், ரி-கலங்கள் எனும் வெள்ளை அணுக்கள் எப்படி வளர்கின்றன என்று எலிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தாள். வாப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்ற செய்தி போனதும் லீவு கேட்டாள். அது கிடைத்து வந்து சேர நாள் பிடித்தது. கொழும்பில் முப்பது நாள் கரண்ட் பிடிக்கச் சொல்லியிருந்தார்கள். கதிர்ச் சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பன்னிரண்டு நாள் முடிந்ததும், பெருநாளைக்கென்று சீனிமுகம்மது அவரை ஊருக்குக் கூட்டிவந்துவிட்டார். நபீலா வந்து இறங்கியபோது, அவர் கொழும்புக்குத் திரும்பிப் போக வேண்டிய நாள் கடந்து நான்கு நாளாகியிருந்தது. கரண்டை நிறுத்தினால்தான் பொடி வேலை செய்யும் என்று பொடிக்காரர் சொல்லியிருந்தாராம்.

(முதல் பிரதியில் சீனிமுகம்மதைக் கெட்டவராக எழுதினேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். பிறகு அடித்துவிட்டேன். மச்சான் எச்சில் விழுங்க முடியாமல் அழுததைக் கொழும்பு வார்டில் பன்னிரண்டு நாளும் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர்தான். இனி அந்த வேதனை வேண்டாம் என்று நினைத்தார். அவ்வளவுதான்.)

3

இந்தப் பகுதி எனக்கு நபீலா சொன்னது.

வந்த அடுத்த நாள் காலை வாப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில், கரண்ட் படவேண்டிய இடத்துக்கு ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட மைக்கோடுகள் இன்னும் அழியவில்லை. குரல் காற்றாகத்தான் வந்தது.

“நீ என்னதான் படிக்கிறாய் மகள்? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு.”

“ரி-கலம் வாப்பா.”

“ரீயா? தேத்தண்ணியா?”

சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள். எலும்பு மச்சைக்குள் பிறக்கிற சில கலங்கள் நெஞ்சுக்குள் இருக்கிற ஒரு சுரப்பிக்கு வந்து வளர்கின்றன. நோயை அடையாளம் கண்டு கொல்ல அங்கேதான் பழகுகின்றன.

கலந்தர் கையை உயர்த்தி நிறுத்தினார். “கண்டுக்குட்டிட நெஞ்சில, கழுத்தடியில, வெள்ளையா மெத்தெண்டு ஒண்டு இரிக்கும். அதா? கிழட்டு மாட்டில தேடினாலும் கிடைக்கா.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். வயதாக வயதாக அந்தச் சுரப்பி சுருங்கிப்போகும் என்று அவள் எத்தனையோ கட்டுரைகளில் படித்திருந்தாள். வாப்பா நாற்பது வருஷமாகக் கத்தியால் படித்திருந்தார்.

“அதேதான் வாப்பா. அங்க, சொந்த உடம்பையே அடிக்கப் பார்க்கிற கலத்தை அங்கேயே அழிச்சிரும். நூறு போனா மூணு நாலுதான் வெளிய வரும். புற்றும் சொந்த உடம்பில இருந்து வாறதுதானே. அதால வெளிய வந்த கலமும் அதைப் பெரிசா அடிக்கிறல்ல. அடிக்கப் போனாலும் ஒரு பிரேக் இழுத்துப் பிடிக்கிது.* அந்தப் பிரேக்கக் கழட்டினா எலிக்குக் கட்டி கரையிதெண்டு போன வருஷம் அமெரிக்காவில கண்டிரிக்காங்க.”

“அப்ப எலிக்குச் சரி. எனக்கு?”

“உங்களுக்கு இல்ல வாப்பா. மனிசருக்கு வர இன்னும் கனகாலம் ஆகும். வராமலும் போகலாம்.”

“பொடி?”

“அதுக்குள்ள என்ன இரிக்கெண்டு அந்த ஆளுக்கே தெரியா.”

“கரண்ட் புடிச்சா சுகம் வருமா?”

“தெரியா. ஆனா அதால சுகமானவங்க இரிக்காங்க. எத்தின பேரெண்டு எண்ணி எழுதி வச்சிரிக்காங்க. பொடிக்கு ஆரும் எண்ணல்ல.”

கலந்தர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

* ரி-கலங்களைப் ‘படை’ என்று சொல்வது வழக்கம். ஒவ்வொரு சந்தியிலும் சென்றிப் பொயின்ற் என்கிற இராணுவக் காவலரண் இருந்த அந்த வருஷம், வாப்பாவிடம் அந்தச் சொல்லைச் சொல்ல நபீலாவுக்கு வாய் வரவில்லை. நானும் எழுதவில்லை.

4

சனிக்கிழமை மருதமுனையிலிருந்து ஒரு பெண் வீடு தேடி வந்தாள். பெயர் சரீபா. கையில் என் நோட்டீஸ்.

“டொக்டர், எனக்கு மார்பில ஒரு கட்டி. கொழும்புக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரியில துண்டு எழுதித் தந்திரிக்காங்க. இதுல உங்கட பேரக் கண்டதும் அல்ஹம்துலில்லாஹ் எண்டு போகாம விட்டுட்டன்.”

நபீலா அப்போதுதான் அதைப் பார்த்தாள். இரண்டு தடவை வாசித்தாள்.

“நான் டொக்டர் இல்ல ராத்தா. இத நான் சொல்லவுமில்ல.”

உள்ளேயிருந்து காலை இழுத்து இழுத்து நடந்துவந்த கலந்தர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“திங்கக்கிழம கொழும்பு பஸ்ஸில மூணு பேருக்கு இடம் வை.”

5

நபீலா அன்றே அச்சகத்துக்கு வந்தாள்.

“இத அச்சுக் கோத்தது ஆரு?”

“நான்தான் தங்கச்சி.”

“என்ட பேரப் போட என்னட்டக் கேட்டீங்களா?”

“உங்கட மாமா தந்தவர்...”

“பேர் மாமாடயா, என்டயா?”

ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். ‘நான் நபீலா. நான் வைத்தியர் அல்ல. எலிகளை வைத்து ஆராய்பவள். இந்தப் பொடியை நான் உறுதி செய்யவில்லை. என் வாப்பா பொடியை விட்டுவிட்டுக் கொழும்புக்குத் திரும்பிப் போகிறார். உங்களையும் வரச் சொல்லியிருந்தால் போங்கள்.’

“இத அடிங்க.”

“குடும்பச் சண்டைய என்ட மிசின்ல அடிக்க ஏலா” என்றார் முதலாளி.

[நான் தாளை வாங்கினேன். முதலாளியை நிமிர்ந்து பார்த்தேன். “நான் கோக்கிறன்” என்றேன்.]

அடைப்புக்குள் இருப்பது பொய். மூன்று பிரதிகளில் அதை அப்படியே வைத்திருந்தேன். வாசிக்க நன்றாக இருந்தது. நடந்தது வேறு. நான் குனிந்து எழுத்துப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

6

ஞாயிறு காலை கையால் எழுத உட்கார்ந்தாள். கார்பன் தாள் வைத்து, ஒரு தடவைக்கு நான்கு பிரதி. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது இருநூறும் முடிந்திருந்தன. கலந்தர் மடித்து மடித்து அடுக்கினார்.

திங்கள் காலை சந்தையில் தன் கடைக்கு முன்னால் கதிரை போட்டுக் கலந்தர் உட்கார்ந்தார். கழுத்துக் கோடுகள் எல்லோருக்கும் தெரிய, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டிருந்தார். நபீலா பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். சிலர் வாங்கினார்கள். ஒருவர் வாசிக்காமலே கிழித்துப்போட்டார். இருநூற்றில் ஒன்று எனக்கும் கிடைத்தது. அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் தந்தாள்.

சீனிமுகம்மது ஓடிவந்தார். “குடும்ப மானத்தச் சந்தையில கொண்டுவந்து கொட்டுறியா? இவர அங்க கொண்டுபோய்ச் சாகடிக்கப் போறியா?”

நபீலா வாய் திறக்குமுன் கலந்தர் ஒரு தாளை மச்சானிடம் நீட்டினார்.

“வாசி” என்றார்.

சீனிமுகம்மது வாங்கவில்லை. ஆனால் போகவுமில்லை. பஸ் வரும்வரை அங்கேயே நின்று, கடைசியில் கலந்தரின் பையை அவர்தான் பஸ்ஸில் ஏற்றினார். சரீபா ஏற்கெனவே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

7

வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். பொடிக்காரர் அடுத்த மாதமே நபீலாவின் பெயரில்லாத புது நோட்டீஸ் அடித்தார். அதையும் நான்தான் கோத்தேன். நபீலா லீவு நாள் கடந்து இங்கிலாந்துக்குத் திரும்பியபோது, குறித்த வாரத்தில் பார்க்க வேண்டிய எலிகளின் வயது கடந்திருந்தது. ஆறு மாத வேலை வீண். திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

1999இல் அவள் ஊருக்கு வந்தபோது, இதை எழுதட்டுமா என்று கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன்.

“எழுதுங்க அண்ணன். ஆனா வாப்பாவச் சுகமாக்கிப் போடாதீங்க. மௌத்தாக்கவும் வேணாம்.”

“ஏன் தங்கச்சி? சுகமோ சாவோ, நடந்ததுதானே?”

“சுகமாக்கினா மகள்ட படிப்புத்தான் காப்பாத்தினது எண்டுவாங்க. மௌத்தாக்கினா பொடிய விட்டதாலதான் எண்டுவாங்க. ரெண்டும் பொய்.”

“அப்ப எப்பிடி முடிக்கிற?”

“மிச்சம் பதினெட்டு நாளும் போனார் எண்டு எழுதுங்க.”

போனார். ஒரு நாளும் தவறவில்லை. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று கல்முனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஒரு முடிவு வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை வைத்துக் கரண்டையோ பொடியோ எதையும் நிரூபிக்க வராதீர்கள். ஒரு மனிதரை எண்ணி எதையும் நிரூபிக்க முடியாது.