ஒரு முழம் குட்டை

...பொறாமையா, எனக்கா, போன ஞாயிற்றுக்கிழமைதானே ஆலயத்தில் மைக்கைப் பிடித்து, ஆண்டவர் கொடுத்ததே எனக்கு நிறைவு என்று சாட்சி சொல்லி, முன்வரிசையில் இருந்தவர்களைக் கண் கலங்க வைத்தேன், பாஸ்டரே ஆமென் என்றாரே, பிறகு இந்தக் கத்தரிக்கோல் மட்டும் ஏன் இப்படிச் செய்தது... தங்கையின் புது வீட்டுக்கு ஜன்னல் திரைகள், இன்று சாயங்காலம் அங்கே பிரதிஷ்டை ஜெபம், அத்தனை துணியையும் வெட்டி மேசைமேல் அடுக்கிய பிறகுதான் பார்க்கிறேன், ஒவ்வொன்றும் ஒரு முழம் குட்டை. நானே ஏணியில் ஏறி அளந்த ஜன்னல்கள், அந்த அளவைச் சாக்பீஸால் மேசை ஓரத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன், பிறகு எந்த அளவில் வெட்டினேன், யாருடைய ஜன்னலுக்கு வெட்டினேன்?

ஒன்றை எடுத்துப்போய் என் ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன், கச்சிதம், தலைமுடி அளவுகூடக் கூடவில்லை, குறையவில்லை. இந்த ஜன்னலில் தொங்குவது பழைய போர்வை, ஊருக்கெல்லாம் தைக்கிறவள் வீட்டில் போர்வை என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார், நானும் சிரித்துக்கொண்டே டேப்பை எடுத்து அளப்பேன், அளந்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சுவரை மறைக்க இது போதாதா என்று டேப்பைச் சுருட்டி வைத்துவிடுவேன், எத்தனை தடவை... சாட்சி சொன்னது வாய், அளந்துகொண்டே இருந்தது கை. ஆண்டவரே, இதில் எதை நீர் கணக்கில் எடுத்துக்கொள்வீர்? சரி, புலம்பி ஆகப்போவது ஒன்றுமில்லை, எனக்குத் தொழில் தெரியும், வெட்டி விழுந்த துண்டையே கீழே ஒட்டுப்போட்டு, நடுவில் கரும்பச்சைப் பட்டி ஒன்று ஓட்டினால் அதுதான் டிசைன் என்பார்கள், எவளும் கண்டுபிடிக்க மாட்டாள். ஆனால் தங்கைக்குச் சொல்லாமல் செய்ய மனசு வரவில்லை, போனை எடுத்தேன்.

"அளவு தப்பா வெட்டிட்டேன்டி."

"என்னக்கா, நீயா? எந்த அளவுல வெட்டின?"

"எங்க வீட்டு ஜன்னல் அளவுல."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. "அப்ப கிச்சனுக்கு வெட்டினதை நீயே மாட்டிக்கோக்கா. எனக்கு அங்க இன்னைக்கு ஸ்கிரீன் இல்லாட்டி ஒண்ணும் ஆகிடாது."

"சேச்சே, எங்களுக்கு இருக்கிறதே போதும்டி." அவள் சொல்லி முடிக்கும் முன்பே வந்துவிட்டது, தயாராக நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்ததுபோல.

"நீ எப்பவும் இப்படித்தான். உனக்கு ஒண்ணு குடுத்திர முடியுமா. நேரத்தோட வந்து சேரு," என்று வைத்துவிட்டாள்.

கோபமா, இல்லை, குரல் கொஞ்சம் கம்மியது, அதுதான் உறுத்துகிறது. மெஷினை மிதிக்க மிதிக்க ஒவ்வொன்றாக யோசனை வருகிறது, அவள் முதல் சம்பளத்தில் வாங்கிவந்த கைக்கடிகாரம், எனக்கெதற்கு என்று திருப்பிக் கொடுத்தேன், போன வருஷம் கொண்டுவந்த செருப்பு, காலில் இருப்பது நன்றாகத்தானே இருக்கிறது என்றேன், ஒவ்வொரு தடவையும் வென்றது நான்தான், அதைத்தான் நிறைவு என்று நினைத்து நிமிர்ந்து நடந்தேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாளே, அந்த முகத்தை ஒரு தடவையாவது பார்த்தேனா? பட்டிகள் நேராக விழுந்துவிட்டன, கூடத்துத் திரைகள் முடிந்தன, ஒட்டு தெரியவில்லை, இதில் எனக்குக் கர்வம் உண்டு, ஆண்டவர் மன்னிப்பார். சாயங்காலம் போவேன், வாய்விட்டுப் பாடுவேன், அந்த உயரமான ஜன்னல்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியாது, அது நிச்சயம், எரிந்ததே இல்லை.

சமையலறைத் துணி மட்டும் மிச்சம். அதற்கு ஒட்டுப்போடாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்திலேயே போன் இருக்கிறது, அவள் நம்பரும் திரையில் இருக்கிறது... இருக்கிறதே போதும் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வருகிறது, எனக்கு இது வேணும்டி, கொடு என்று அவளிடம் எப்படிச் சொல்வது?