ஊளையிடுகிறவன்

என் மாமியார் சைரகானுக்கு நினைவு தப்புகிறது என்று நாரின் மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். மூன்று படங்களைக் காட்டிப் பெயர் கேட்டிருக்கிறார்கள். அத்தை இரண்டில் கோட்டை விட்டாராம். கூடப் போன என் வீட்டுக்காரர் அந்த நேரம் வெளியே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் வீடு திரும்பியதும் தீர்ப்பு மட்டும் அவர் சொன்னார்.

"இந்தக் கோடைக்கு அம்மா மலைக்கு வர வேண்டாம். தங்கச்சி வீட்ல இருக்கட்டும்."

தங்கை வீடு நகரத்தில், நான்காவது மாடியில். ஆயுள் முழுக்கக் கோடைதோறும் மலையில் குதிரை கறந்த மனுஷி அவர். அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தால் இல்லாத வியாதியும் வந்துவிடும். கத்திப் பார்த்தேன், என் வீட்டுக்காரர் மசியவில்லை.

அந்த வாரம்தான் டாக்டர் கனிஷாய் வந்தார். தலைநகர் பிஷ்கேக்கில் முதியோரின் நினைவாற்றலை ஆராய்கிறவர். எங்கள் பள்ளத்தாக்கில் ஆண்கள் தேறுகிற சோதனையில் பெண்கள் மட்டும் ஏன் தோற்கிறார்கள் என்பது அவரை உறுத்தியிருக்கிறது. படிப்பறிவு இல்லை என்று மற்றவர்கள் கைகழுவிவிட்டார்கள். இவர் விடவில்லை, வீடு வீடாக ஏறி இறங்கக் கிளம்பிவிட்டார்.

தேநீர் ஊற்றினேன். டாக்டர் ஒரு படத்தை நீட்டினார்.

"இது என்னம்மா?"

"ஊளையிடுறவன்," என்றார் அத்தை.

"இது?"

"விறகு பொளக்குறது."

"இது?"

"குதிரை. வரைஞ்சவன் ஜென்மத்துல குளம்பைப் பாத்திருக்க மாட்டான்."

டாக்டர் சிரித்தார், சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். முதல் படத்தை என் பக்கம் திருப்பினார்.

"பூருல், நீ சொல்லு. இது என்ன?"

நான் அத்தையைப் பார்த்தேன். "அதான் டாக்டர்... ஆடு திருடுமே, அது."

"ஓநாய்னு சொல்ல உனக்கும் மறந்துபோச்சா?"

"ஐயோ, மறக்கல டாக்டர். அது மாமாவோட அண்ணன் பேரு. நாங்க எப்படிச் சொல்றது?"

"அப்ப இந்தக் கோடாலி? நம்ம பேச்சுல பால்தா?"

"அது மாமாவேதான்!"

டாக்டர் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். "நானும் கிர்கிஸ்காரிதானே! புருஷன் வீட்டு ஆம்பளைங்க பேரை மருமக சொல்ல மாட்டாள்னு எனக்கே மறந்துபோச்சே. சோதனையை எனக்கு வெச்சிருக்கணும்!"

"குமிஸ் குடி, ஞாபகம் வரும்," என்று அத்தை புளித்த குதிரைப்பால் கிண்ணத்தை நகர்த்தினார்.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "உங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க. மலைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டர். மனுஷன் பிடரியைச் சொறிந்துகொண்டார். எனக்கு அந்த டாக்டரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதன்பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஆண்களிடம் பெயர்களைக் கேட்டுக்கொண்டு, அந்தப் படங்களை எடுத்துவிட்டுத்தான் சோதனையைத் தொடங்கினார். இது ஆராய்ச்சியா, மாமியார் மருமகள் பஞ்சாயத்தா என்று பிஷ்கேக்கில் கேலி செய்தார்களாம். அவரே சொல்லிச் சிரித்தார். காகிதத்தைப் பார்க்கிற டாக்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

வசந்தம்தோறும் வந்தார். அத்தைக்கு மட்டும் அந்த இரண்டு படங்களையும் கடைசியில் காட்டுவார். ஏன் என்று கேட்டேன்.

"மார்க்குக்கு இல்ல பூருல். இதை உங்கத்தை சொல்லாத வரைக்கும் எனக்கு நிம்மதி."

இந்த வசந்தத்திலும் காட்டினார்.

"ஓநாய்," என்றார் அத்தை, தயங்காமல்.

என் வீட்டுக்காரர் கைதட்டினார். "பாத்தீங்களா டாக்டர்! அம்மா கரெக்டா சொல்லிட்டாங்க!"

டாக்டர் தட்டவில்லை. அடுத்த படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அத்தையே அதை எடுத்துத் திருப்பினார். எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் அவர் சொன்னதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"பால்தா," என்றார். முகமெல்லாம் மலர்ந்து வாசலைப் பார்த்தார். "பால்தா எங்க? குதிரையைக் கட்டிட்டு வர இவ்வளவு நேரமா?"

மாமாவைப் புதைத்த மேட்டில் புல் எத்தனையோ முறை முளைத்துக் காய்ந்துவிட்டது. டாக்டர் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு எப்படிப்பட்ட ஆளும்மா?" என்று கேட்டார். அத்தை சொன்னார், ஓயாமல், பெயர் சொல்லிச் சொல்லி. டாக்டர் ஒரு வரிகூட எழுதாமல் கேட்டார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் குரல் உடைந்து, "அப்ப மலைக்கு?" என்றார்.

"கூட்டிட்டுப் போங்க. பூருலை விட்டுத் தனியா எங்கயும் அனுப்பாதீங்க. பேரெல்லாம் போனாலும் கறக்குற கை சீக்கிரம் மறக்காது."

டாக்டர் சொன்னபடிதான் இருக்கிறது. இங்கே மலையில் அத்தையின் விரல்கள் ஒரு சொட்டுகூடச் சிந்துவதில்லை. நடுவில் தலையைத் தூக்கி மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். "வந்துட்டே இருக்காரு அத்தை" என்கிறேன். யார் என்று பெயர் மட்டும் நான் சொல்வதில்லை.