ராஜாம்பாள் டீச்சரின் ஒயர்

கணவரின் மேசையை ராஜாம்பாள் டீச்சர் குப்பைமேடு என்றுதான் சொல்லுவாள். கோதண்டபாணி விருத்தாசலம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க்கு. வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல், ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னைச் சூடேற்ற உட்கார்ந்துவிடுவார். செத்துப்போன ரேடியோக்களின் குடலெல்லாம் அந்த மேசையில்தான் கிடக்கும். "ரேடியோவையே கட்டிக்கிட்டிருக்கலாம், என்னை எதுக்குக் கட்டிக்கிட்டீங்க?" என்று அவள் கேட்காத வாரம் கிடையாது. அவர் சிரிப்பார். மனுஷனுக்குக் கோபமே வராது. அதுவே அவளுக்குக் கோபத்தைக் கிளப்பும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் அவளுக்கு டைபாய்டு வந்தது. போகும்போது காதையும் பாதி எடுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் நின்று கத்தினால் புரியும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கீச்சுக்குரல் மட்டும் எட்டவே இல்லை. வாய் அசைவது தெரியும், சொல்வது சரியா தப்பா என்று தெரியாது. எல்லோருக்கும் "சரி, உக்காரு" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே வெட்கமாகிவிட்டது. பிள்ளைகள் சும்மா இருக்குமா? வாய்ப்பாட்டுக்குப் பதிலாகச் சினிமாப் பாட்டைப் பாடிவிட்டு உட்கார ஆரம்பித்தன.

தலைமையாசிரியர் ஆதிநாராயணன் நல்லவர். முதுகுக்குப் பின்னால் பேசாமல் காதருகே வந்து சொன்னார்.

"டீச்சர், அடுத்த மாசம் இன்ஸ்பெக்டர் வர்றாரு. உங்க கிளாஸ்ல ஒக்காந்து பாப்பாரு. பசங்க சொல்றது உங்க காதுல வுழுந்துச்சுன்னா ஒரு தொந்தரவும் இல்லீங்க. வுழலைன்னா மெடிக்கல் போர்டுக்கு எழுதுறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

எழுதினால் வேலை போய்விடும். பிள்ளை குட்டி இல்லாத வீடு. வகுப்பிலிருக்கும் அத்தனையும் தன் பிள்ளைகள் என்று இத்தனை காலம் ஓட்டிவிட்டாள். அதுவும் இல்லையென்றால் என்ன செய்வது என்று யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மெட்ராஸில் காது மெஷின் விலையைக் கேட்டு, கட்டுப்படியாகாமல் இருவரும் எழும்பூர் ஸ்டேஷனுக்குத் திரும்பி நடந்தார்கள். ரயிலில் கோதண்டபாணி அவள் காதருகே குனிந்து, "நானே பண்ணித் தரேன்" என்றார். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சொன்னபடி செய்தார். ஒரு சோப்பு டப்பா, அதற்குள் குப்பைமேட்டிலிருந்து பொறுக்கிய டிரான்சிஸ்டர்கள், பேனா டார்ச்சின் செல், ரேடியோ இயர்போன். மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனவள் கடுகு வெடிக்கும் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். கடுகுக்காக யாராவது அழுவார்களா? அவள் அழுதாள்.

ஆனால் ஒயர் வம்பு பண்ணியது. டப்பா இடுப்பில், ஒயர் முந்தானைக்குள் ஏறித் தோள் வழியாகக் காதுக்கு. சிலேட்டைப் பார்க்கக் குனிந்தால் இழுபட்டு, பற்றவைத்த இடத்தில் அறுந்துவிடும். காலையில் அறுந்தால் சாயங்காலம்வரை செவிடுதான், பள்ளிக்கூடத்தில் சால்டரிங் அயர்னுக்கு எங்கே போவது? நடுவில் ஒரு சின்ன இணைப்பு வேண்டும். நடந்தால் ஆடக்கூடாது. இழுத்தால் அறுக்காமல் தானே விட்டுவிட வேண்டும். அவளே திரும்ப மாட்டிக்கொள்ளவும் வேண்டும்.

அதற்காகக் கோதண்டபாணி பட்ட பாட்டை நாய்கூடப் படாது. பழைய ரேடியோவின் பின்னைப் போட்டுப் பார்த்தார். தலையைத் திருப்பினாலே கரகரவென்றது. கடலூர் போய் வாங்கிவந்த வேறொரு பின்னோ துளைக்குள் நுழையவே மறுத்தது. பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒன்று கொடுத்தனுப்பினார், கட்டைவிரல் தடிமனில். "இதுல கரும்பு லாரியே ஸ்டார்ட் பண்ணலாம்" என்று கோதண்டபாணி அதைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

செராமிக் கம்பெனியில் வேலை பார்க்கும் அடுத்த வீட்டு நல்லமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஊரு பூரா பீங்கான் சாமான் செய்யிறோம், நீங்க எங்கியோ போயி அலையிறீங்களே அண்ணே" என்று சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பீங்கான் கனெக்டரைக் கொண்டுவந்தான். இரண்டு துளை, உள்ளே பித்தளை, மேலே திருகாணி. வெள்ளைவெளேரென்று அழகாகத்தான் இருந்தது. நன்றாகவும் பிடித்தது, வேண்டியதற்கு மேலேயே பிடித்தது. மறுநாள் ஓடிய பிள்ளையின் கை ஒயரில் மாட்ட, கனெக்டர் விட்டுக்கொடுக்கவே இல்லை. டப்பா இடுப்பிலிருந்து பிய்த்துக்கொண்டு விழுந்தது. பீங்கானுக்கு ஒன்றும் ஆகவில்லை, டப்பாதான் இரண்டாகப் பிளந்தது.

அவர் வேறு டப்பாவில் எல்லாவற்றையும் மாற்றிக் கட்டினார். அதற்குள் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவர் மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராஜாம்பாள் மறுநாள் போடவேண்டிய ஜாக்கெட்டுக்கு, விட்டுப்போன பிரஸ் பட்டனைத் தைத்துக்கொண்டிருந்தாள். தைத்து முடித்து, வழக்கம்போல் விரலால் ஒரு அமுக்கு. சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் மாட்டிக்கொண்டது என்று விரல் சொல்லிவிட்டது. இழுத்தாள், துணி கிழியாமல் விட்டது. அமுக்கினாள், பிடித்தது. இன்னொரு முறை இழுத்தாள்.

ஊசியும் கையுமாக எழுந்து போய், பட்டன் அட்டையை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒரு பட்டனைப் பிரித்து, கத்தியால் சுரண்டி, ஈயம் வைத்துப் பார்த்தார். ஒட்டியது. "வெண்ணெயைக் கையில வெச்சிக்கிட்டுத்தான் கடலூரு வரைக்கும் நெய்க்கு அலைஞ்சிருக்கேன் ராஜாம்பா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். அது அவளுக்கும் கேட்டது.

ஒயருக்குள் இரண்டு கம்பி, அதனால் இரண்டு ஜோடி பட்டன். நடுவில் வெட்டிய ஒயரின் ஒவ்வொரு முனையிலும் ஒரு குமிழ், ஒரு குழி, மாற்றி மாட்ட முடியாதபடி. அவர் பற்றவைத்துக் கொடுக்கக் கொடுக்க, அவள் ஆறவிட்டு ரிப்பன் துணியில் தைத்தாள். அந்த மேசையில் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஜன்னலோரம் ஆதிநாராயணன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி நின்றார். வாசுகி என்ற குட்டி சிலேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள், முழங்கை ஒயரில் பட்டது. கதவைச் சாத்தினாற்போல் எல்லாச் சத்தமும் நின்றது. அதே நேரம் இன்ஸ்பெக்டர் மாணிக்கவேலைக் கைகாட்டி எழுப்பிவிட்டார். பையன் கையைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தான்.

ராஜாம்பாள் முந்தானையைச் சரிசெய்வதுபோல் தோளருகே உள்ளே கையை விட்டாள். முதல் பட்டன். அமுக்கினாள், விரல் சொன்னது. இரண்டாவது வழுக்கியது. விருத்தகிரீசுவரா! மறுபடி அமுக்கினாள்.

"...ஏழெட்டு அம்பத்தி நாலு."

"அம்பத்தாறுடா மாணிக்கவேலு!" என்றாள். "மொதல்லேருந்து சொல்லு."

இன்ஸ்பெக்டர் ஏதோ எழுதிக்கொண்டு எழுந்தார். "அடுத்த கிளாஸ் எதுங்க சார்?" என்று ஆதிநாராயணனிடம் அவர் விசாரித்ததுகூட அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

சாயங்காலம் கோதண்டபாணி வாசலிலேயே நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கேள்வி கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. வெட்கப்பட்டவர்போல் உள்ளே போய் மேசையில் உட்கார்ந்தார். அவள் காபி போட்டுக்கொண்டிருந்தபோது புதிதாக ஒரு சத்தம் காதில் விழுந்தது. எட்டிப் பார்த்தாள். மனுஷன் ஈயத்தை உருக்கிக்கொண்டே தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தார். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை.

காது நன்றாக இருந்த காலத்திலெல்லாம் இவர் பாடியிருப்பார். திட்டுகிற சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது. இந்த மனுஷனை எனக்குக் கொடுத்தாயே சாமி என்று நினைத்துக்கொண்டாள்.

காபியை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் சட்டென்று பாட்டை நிறுத்தினார்.

"பாடுங்க" என்றாள். "கேக்குது."