ஆட்டுக்கல் குழி

பத்துமலை ஓடிப்போனான் என்றுதான் தோட்டத்தில் எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

மலாயாவில் செமோருக்குப் பக்கத்தில் இருந்த ரப்பர் தோட்டம் அது. மானேஜர் துரையின் தங்கை துரைசானிக்கு மலைகளென்றால் பித்து. தன் ஊரில் பனி மூடிய சிகரங்களில் ஏறி இறங்கியவளாம். இங்கே வந்த பிறகும் சும்மா இருக்கவில்லை. சுமை தூக்கத் தோட்டத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு கோர்பு மலைப் பக்கம் போய், ஆற்றுப் பள்ளங்களில் இறங்கி, விசித்திரமான பாறைகளை வரைந்துகொண்டு வருவாள். அப்படி 1926இல் போன கூட்டத்தில் ராக்காயியின் தம்பி பத்துமலையும் இருந்தான். மற்ற எல்லாரும் திரும்பினார்கள். அவன் மட்டும் வரவில்லை.

“அரிசி மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டான். காம்பார்ல ஈயச் சுரங்கத்துல எவளோடயோ இருக்கானாம்” என்று ராமையா கங்காணி லயத்து வாசலில் நின்று சொன்னான்.

பத்துமலையின் மனைவி வீரம்மா அன்றைக்கே அவன் சட்டைகளை அள்ளி அடுப்பில் போட்டாள். ராக்காயியால் அவளைத் தடுக்க முடியவில்லை. தம்பி திருடன் என்பதை அவள் நம்பவில்லை. ஆனால் நம்பாமலிருக்கக் கையில் எதுவும் இல்லை.

அடுத்த வருடம் ஒரு காலையில் அவள் பால் வெட்டிக்கொண்டிருந்த நிரைக்கு அர்ச்சுனன் வந்தான். அவனும் அந்தப் பயணத்தில் சுமை தூக்கியவன். கன்னத்திலிருந்து தோள்வரை பிரம்புத் தடம் சிவந்து தடித்திருந்தது.

“கங்காணியா?” என்றாள் ராக்காயி.

“அவன்தான். காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்கு லேட்டா வந்தேனாம்.” அர்ச்சுனன் எச்சிலைக் காறித் துப்பினான். “அக்கா, இனி எதுக்கு அவனுக்குப் பயப்படணும்? சொல்லிடுறேன். ஒன் தம்பி ஓடலக்கா. பாறையில வழுக்கி விழுந்து காலு ஒடஞ்சிருச்சு. தொரசாணி முன்னால போயிட்டா. ‘காலு சுளுக்கிருச்சு, நான் கூட்டியாறேன்’னு அவகிட்ட சொன்னான் ராமையா. நானும் இன்னொருத்தனும் தூக்கக் கம்பு வெட்டினோம். அதப் புடுங்கித் தண்ணியில எறிஞ்சிட்டான்.”

“ஏன்?”

“பொம்பளைங்க மேல கை வைக்காதேன்னு பெரட்டுல எல்லாரும் பாக்கப் பத்துமலை அவனக் கேட்டான்ல. அதுக்குத்தான். ‘என்னைக் கேட்ட வாயி, இனிக் காட்டக் கேக்கட்டும்’னான். வாயத் தொறந்தா எங்களையும் அங்கேயே விட்டுருவேன்னான்.”

“அவன் கூப்பிட்டானா?”

அர்ச்சுனன் அவளுடைய பால் வாளியை எடுத்து நகர்த்தி வைத்தான்.

“கேக்குறேன்ல. கூப்பிட்டானா?”

“ரொம்ப தூரம் வரைக்கும் கேட்டுச்சுக்கா.”

ராக்காயி மரத்தில் சாய்ந்து நின்றாள். அர்ச்சுனனை அறைய வேண்டும்போல் இருந்தது. அவன் கன்னத்தில் அறைய இடமில்லை. “தொரசாணி மறுபடி எப்பப் போறா?” என்று மட்டும் கேட்டாள்.

துரைசானி அந்த மாதமே கிளம்பவிருந்தாள். அவளோடு போகும் ஆயாவுக்குக் காய்ச்சல் கண்டது. வேறு ஒருத்தியும் காட்டுக்குப் போக ஒத்துக்கொள்ளவில்லை. ராக்காயி பங்களாவின் பின்கட்டுக்குப் போய், தான் வருவதாகச் சொன்னாள். துரைசானி அவளை மேலும் கீழும் பார்த்தாள். தோட்டத்தில் கற்றுக்கொண்ட தமிழில், “நீ நல்லா நடக்கும்?” என்று கேட்டாள்.

“நடப்பேன் தொரசாணி. நீங்க எங்க போறீங்களோ அங்க வாரேன்.”

ராமையாதான் சுமைக்காரர்களுக்குத் தலைவன். ராக்காயியைக் கண்டதும் அவன் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு சிரித்தான். “தம்பியத் தேடியா? காம்பார் இந்தப் பக்கம் இல்லலா.” அவளும் சிரித்தாள். அது அவனுக்குப் போதுமாக இருந்தது.

தஞ்சோங் ரம்புத்தான் வரை மாட்டு வண்டி. அதற்கப்பால் ஆற்றை ஒட்டி நடை. ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. இரண்டாம் நாள் ஆறு இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே புகுந்துகொண்டது. தலைக்கு மேலே வானம் வேட்டிக் கிழிசல் போல ஒரு துண்டுதான் தெரிந்தது. சுவர்களில் நீர் வழிந்து பாசி பிடித்திருந்தது. உள்ளே போகப் போகக் கற்கள் கோலம் மாறின. யானை மண்டியிட்டது போல் ஒன்று. ஒன்றின் மேல் ஒன்றாய் அடுக்கிவைத்த தோசைகள் போல் ஒன்று. நடுவில் ஓட்டை விழுந்து, அந்தப் பக்கத்துப் பச்சை தெரியும் பாறை ஒன்று. ஒவ்வொன்றின் முன்னாலும் துரைசானி உட்கார்ந்து வரைந்தாள். “தண்ணி செய்யுது. ஆயிரம் ஆயிரம் வருஷம்” என்று ராக்காயியிடம் வியந்து சொன்னாள். ராக்காயி தலையாட்டினாள். அவள் கண்கள் ஒவ்வொரு பாறை இடுக்கையும் துழாவிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை தண்ணீர் மொள்ளப் போனபோது அவள் தேடியது கிடைத்தது.

சரிந்து நின்ற பாறைக்கு அடியில், மழை படாத இடத்தில் எலும்புகள் கிடந்தன. மக்கிய துணி கொஞ்சம். பத்துமலையின் செப்புக் காப்பு. ஒரு கால் எலும்பு இரண்டாய் விலகியிருந்தது. அவள் அழத்தான் வாயைத் திறந்தாள். அப்போதுதான் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தாள். கரிந்த கற்கள் மூன்று. அவற்றுக்கருகே ஆற்று நத்தை ஓடுகள், ஒவ்வொன்றும் நுனி உடைத்து உறிஞ்சப்பட்டவை, முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தன.

உடனே சாகவில்லை. தவழ்ந்து தவழ்ந்து நத்தை பொறுக்கித் தின்று, யாராவது வருவார்கள் என்று காத்திருந்திருக்கிறான்.

அழுகை வரவில்லை. காப்பை மடியில் கட்டிக்கொண்டாள். குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பினாள். ராமையாவுக்குத் தேநீர் கொடுத்ததும் அவள்தான்.

அன்று மதியம் துரைசானி அந்தக் குழியைக் கண்டுபிடித்தாள். ஆற்றின் ஓரமாக, பாறையில் ஆட்டுக்கல் குழிபோல வட்டமாய்க் குடைந்திருந்தது. இரண்டு ஆள் ஆழம். உட்புறம் கண்ணாடியாய் வழுவழுத்தது, பிடிக்க விரல் நுழையும் இடம்கூட இல்லை. ஆறு அப்போது அதைத் தொடாமல் எதிர்ப்பக்கமாக ஓடியது. குழியின் கீழ்விளிம்பைத் தாண்டினால் செங்குத்தான அருவி.

“உள்ளே ஆள் நிக்கணும். அப்ப எவ்வளவு பெருசு தெரியும்” என்றாள் துரைசானி.

“நானே எறங்குறேன் தொரசாணி” என்று ராமையா முந்திக்கொண்டான். படத்தில் தான் இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. வேர் ஒன்றில் கயிற்றைக் கட்டி இறங்கினான். துரைசானி ஆற்றைக் கடந்து, எதிர்க்கரையின் உயரமான திட்டில் போய் உட்கார்ந்தாள். குழியின் அருகே ராக்காயியும் அர்ச்சுனனும் சீனி என்ற இன்னொரு சுமைக்காரனும் இருந்தார்கள்.

ராக்காயி கயிற்றை மெதுவாக மேலே இழுத்தாள்.

“ஏய், கயித்த ஏன் இழுக்குற?”

அவள் மடியிலிருந்து காப்பை எடுத்துக் குழிக்குள் போட்டாள். அது பாறையில் மோதி உருண்டு அவன் காலடியில் நின்றது. ராமையா அதைப் பார்த்தான்.

“சொல்லு. தொரசாணிக்குக் கேக்குற மாதிரி சொல்லு” என்றாள் ராக்காயி.

அவன் முதலில் கெட்ட வார்த்தைகளில் திட்டினான். பிறகு அர்ச்சுனனைக் கூப்பிட்டு அதிகாரம் செய்தான். அர்ச்சுனன் கன்னத்தைத் தடவிக்கொண்டு சும்மா நின்றான். மேலே மலையில் இடி உருண்டது. ஆற்றின் நிறம் மாறுவதை எல்லோரும் பார்த்தார்கள். தெளிந்த நீர் தேநீராகி, பிறகு செம்மண் குழம்பாயிற்று.

“கால் ஒடஞ்சிருச்சு, விட்டுட்டு வந்தேன்!” என்று ராமையா கத்தினான். குரல் குழிக்குள் சுழன்று பெருத்து வெளியே வந்தது. “ஓடல, நான்தான் விட்டுட்டு வந்தேன்! கயித்தப் போடு தாயி!”

எதிர்க்கரையில் துரைசானி எழுந்து நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. பெருகும் நீரின் குறுக்கே கையை வீசி, “கயிறு போடு! கயிறு போடு!” என்று கூவினாள். இனி அவளால் ஆற்றைக் கடக்க முடியாது.

“எத்தன நாள் நத்த தின்னான்னு தெரியுமா ஒனக்கு?” என்று ராக்காயி குனிந்து கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வேரில் இருந்த முடிச்சை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி ஆற்றில் எறிந்தாள்.

வெள்ளம் பாறையின் மேல் ஏறிக் குழிக்குள் கொட்டியது. அவன் மூழ்குவான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் நிறைந்த நீர் அவனை மேலே தூக்கிவந்தது. கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, விளிம்புக்கே வந்துவிட்டான். இரண்டு கைகளும் வழுக்குப் பாறையைப் பற்றின. அவன் முகம் அவளுடைய காலுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

“கை குடு ராக்காயி. ஒன் காலுல விழுறேன். கை குடு.”

அவள் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். சீனி பாய்ந்து முன்னால் வந்தான். அர்ச்சுனன் அவனை இடுப்போடு கட்டிப்பிடித்து இழுத்தான். “விடுறா! மனுசன்டா!” என்று சீனி கத்தினான்.

விரல்கள் ஒவ்வொன்றாக நழுவுவதை ராக்காயி கண் இமைக்காமல் பார்த்தாள். நீர் அவனைச் சுழற்றி, கீழ்விளிம்பைத் தாண்டி எடுத்துப் போனது. அருவியின் இரைச்சலில் அவன் கத்தியது கேட்கவே இல்லை. அதுதான் அவளுக்குக் குறையாக இருந்தது.

வெள்ளம் வடிந்து துரைசானி வரும்போது மாலையாகிவிட்டது. நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“உன் கை அவனுக்கு எட்டுமா?” என்று கேட்டாள்.

“எட்டும்” என்றாள் ராக்காயி.

பிறகு துரைசானியைப் பாறைச் சரிவுக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். துரைசானி எலும்புகளின் முன்னும் நத்தை ஓடுகளின் முன்னும் நின்றாள். “நான் அன்னிக்குத் திரும்பிப் பாக்கல” என்றாள். சேகரித்த கற்களை வைத்திருந்த தகரப் பெட்டியைத் திறந்து, அத்தனையையும் ஆற்றோரம் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியை ராக்காயியிடம் நீட்டினாள்.

போலீசிடம், வெள்ளம் கங்காணியை அடித்துப் போனது என்று துரைசானி சொன்னாள். சீனி பேசவில்லை. ஆனால் அதன் பிறகு அவன் ராக்காயி வரும் பாதையில் நடக்கவும் இல்லை. துரைசானி சீக்கிரமே கப்பலேறிவிட்டாள்.

பெட்டியை வீரம்மாவின் முன்னால் வைத்துவிட்டு, ராக்காயி நத்தை ஓடுகளைத் தவிர எல்லாவற்றையும் சொன்னாள். ராமையா கெஞ்சியதை, கயிற்றை எறிந்ததை, விரல்கள் நழுவியதை. கேட்டு வீரம்மாவின் முகம் குளிரும் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்திருந்தாள்.

வீரம்மா பெட்டியைத் தொடவில்லை.

“ஓடிப்போனவனா இருந்தப்ப எங்கயாச்சும் சோறு தின்னுக்கிட்டு இருந்தான் மதினி” என்றாள். “தெனம் திட்டுவேன். திட்டுறதுக்கு ஆளு இருந்துச்சு.”



வீரம்மா நெற்றிப் பொட்டை உள்ளங்கையால் தேய்த்து அழித்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள். “விட்டுட்டு வந்ததும் சீக்கிரமே உசிரு போயிருச்சா? ரொம்பச் சிரமப்பட்டானா?”

“அன்னிக்கு ராத்திரியே போயிருச்சு. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது” என்றாள் ராக்காயி.

வீரம்மா அதை நம்பினாள். பெட்டியின் மேல் தலையைச் சாய்த்து, இப்போதுதான் சத்தம் போட்டு அழ ஆரம்பித்தாள். ராக்காயி அவள் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு பொய்யைச் சொல்லவேண்டி வந்ததற்காக, ராமையா இன்னொரு முறை அந்தக் குழிக்குள் கிடைக்கமாட்டானா என்று அவள் பல்லைக் கடித்தாள்.