ஊரை இளைக்க வைத்த டேப்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கதவோரம் இருக்கிறவர்கள் அதைச் சாத்திவிடுங்கள், இந்தக் காற்று என் பேச்சைப் பாதியிலேயே பிடுங்கிக்கொண்டு போய்விடும். இன்றைக்கு ஒரு துணி டேப்பைப் பற்றியும் ஒரு ரம்பத்தைப் பற்றியும் சொல்லப் போகிறேன். பேயும் கிடையாது, ராஜாவும் கிடையாது. ஆனால் நான் ஐந்து நாள் சாப்பாடு இறங்காமல் திரிந்த கதை, அதனால் கேட்கலாம்.

அப்போது எனக்கு நாற்பது வயது. வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தேன். துணியைத் தரையில் விரித்து, மண்டியிட்டு வெட்டுவேன். பதினோரு வருடம் அப்படி வெட்டியதில் இடுப்பு விட்டுப்போய்விட்டது. நின்றுகொண்டே வெட்ட ஒரு மேசை வேண்டும். என் உயரத்துக்கு, என் கை எட்டுகிற அகலத்துக்கு. கடையில் விற்கிற மேசையெல்லாம் உட்கார்ந்து சாப்பிடுகிற உயரம்தான்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பழைய சலவைக்கடை. முன்பக்கம் பூட்டியே இருக்கும். பின்கட்டில் சனிக்கிழமை மூன்று மணியானால் ரம்பச் சத்தம் கேட்கும். மரவேலைச் சங்கம். ஆறு ஆண்கள், ஒருவருக்கும் அது தொழில் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் யாரும் திட்டாத ஓர் இடம் வேண்டும் என்று சேர்ந்தவர்கள் என்று என் நாத்தனார் சொல்லுவாள். அவள் வாய்க்குப் பூட்டு இன்னும் செய்யவில்லை.

நான் போய் மேசை செய்து தரச் சொல்லிக் கேட்டேன். சங்கத்துத் தலைவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கோணம் பார்க்காமல் கீழே வைக்கமாட்டார், காபி டம்ளரைக்கூட. அதனால் அவருக்கு மூலைமட்டம் என்று பெயர், தச்சர்கள் மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கிற கருவியின் பெயர் அது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாங்க யாருக்கும் செஞ்சு குடுக்கறதில்லைம்மா. வேணும்னா நீங்களே வந்து செஞ்சுக்குங்க. மூணு மாசம் பழகணும். அப்புறம் ஓட்டு."

"எதுக்கு ஓட்டு?"

"நீங்க இருக்கலாமா வேணாமான்னு."

பக்கத்தில் நின்ற தபால்காரர் சிரித்தார். "பயப்படாதீங்கக்கா. எனக்கே ஓட்டு விழுந்துச்சுன்னா பாத்துக்குங்களேன்."

அப்படித்தான் சேர்ந்தேன். இப்போது கண்ணை மூடினாலும் அந்தப் பின்கட்டு வரும். சோப்பு வாசனை சுவரை விட்டுப் போகவே இல்லை, அதோடு மரத்தூள் வாசனையும் கலந்து வரும். உட்கார நாற்காலி கிடையாது. மரவேலைச் சங்கத்தில் எல்லாரும் கவிழ்த்த டப்பாக்களின் மேல் உட்கார்ந்திருப்போம். கேட்டால், நாற்காலி செய்வது அடுத்த மாதத் திட்டம் என்பார்கள். நான் இருந்த பத்தொன்பது வருடமும் அது அடுத்த மாதத் திட்டமாகவே இருந்தது.

கூட்டம் தொடங்கும்போது ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் வட்டமாக நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டி எண்ணிக்கை சொல்லவேண்டும். "பத்து." "பத்து." "பத்து." முடிந்து போகும்போதும் அதே மாதிரி. வந்த விரலோடுதான் வீட்டுக்குப் போகவேண்டும் என்பது சட்டம். டிரைவர் அண்ணன் மட்டும் "ஒன்பதரை" என்பார். பஸ் ஓட்டின காலத்தில் கதவிடுக்கில் சுண்டுவிரலில் பாதி போய்விட்டது. எப்போதும் கேட்ட நகைச்சுவைதான், ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் சிரிப்போம்.

டிரைவர் அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓய்வு பெற்ற பிறகு அவர் கை லேசாக நடுங்கத் தொடங்கியிருந்தது. ஆனால் ரம்பத்தைப் பிடித்துவிட்டால் நடுக்கம் எங்கே போகும் என்றே தெரியாது. நாற்பது வருடம் ஸ்டீயரிங் பிடித்த கை, வேலை கொடுத்தால் அடங்கிவிடும். முந்தைய மாதம் ஒரு முக்காலியின் காலைக் குட்டையாக அறுத்துவிட்டார். மூலைமட்டம் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை தப்பினா, இனிமே உங்களுக்கு உப்புத்தாள்தான்." உப்புத்தாள் தேய்ப்பது புதிதாக வந்தவர்கள் வேலை. என் வேலை.

இந்த நிலையில்தான் நூலகத்து அலமாரி வந்தது. எங்கள் வட்டார நூலகத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே ஐந்தடிச் சொச்சம் அகலத்தில் ஓர் இடம் சும்மா கிடந்தது. அதில் பிள்ளைகள் புத்தகத்துக்கு ஓர் அலமாரி செய்து தருவதாகச் சங்கம் ஒப்புக்கொண்டது. மூலைமட்டம் இரும்பு டேப்போடு போய் மூன்று தடவை அளந்து, தாளில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டுக்கொண்டு வந்தார். பலகையில் கோடு போடும் வேலை முதல்முறையாக எனக்குக் கிடைத்தது. பென்சிலை வாங்கும்போது எனக்குக் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

அந்த இரும்பு டேப்பைக் கண்டால் எனக்கு ஆகாது. முதல் மாதமே சடக்கென்று சுருண்டு என் விரலைக் கீறியிருந்தது. என் துணி டேப் கழுத்திலேயே கிடந்தது. அதை வைத்து அளந்தேன், கோடு போட்டேன். டிரைவர் அண்ணன் கோட்டின் மேலேயே அறுத்தார். அந்தப் பலகையையே மாதிரியாக வைத்து மற்ற நாலு தட்டையும் அறுத்தார். கோடு தூளாகிப் போய்விட்டது. அறுத்தபின் கோடு எங்கே இருந்தது என்று யாரால் காட்ட முடியும்?

அலமாரி பார்க்க அவ்வளவு அழகு. தட்டுகள் பக்கப் பலகையோடு ஒட்டி நின்றன, ஒரு தாள்கூட நுழையாது. சனிக்கிழமை நாலு பேர் தோளில் தூக்கி, தபால்காரர் முன்னால் "வழி, வழி" என்று கத்த, தெருவில் ஊர்வலமாகக் கொண்டுபோனோம். நூலகர் அம்மா புத்தகங்களை அடுக்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். தூக்கி வைத்தால் தூணில் இடிக்கிறது. சாய்த்துப் பார்த்தார்கள், தள்ளிப் பார்த்தார்கள். நுழையவில்லை.

மூலைமட்டம் டேப்பை எடுத்து அளந்தார். "முக்கால் இஞ்ச் கூட இருக்கு."

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. தையல்காரியின் அளவு தப்பும் என்று யாருக்குத் தோன்றும்? எல்லார் கண்ணும் டிரைவர் அண்ணன் கைக்குத்தான் போனது. அவர் அந்தக் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"கோட்டு மேலதான் சார் அறுத்தேன்."

"கோட்டுக்கு வெளிய அறுத்திருக்கீங்க. குட்டையாயிடுமோன்னு பயந்து தள்ளி அறுத்திருக்கீங்க. அடுத்த சனிக்கிழமை பேசிக்கலாம்."

அடுத்த சனிக்கிழமைதான் என் ஓட்டும்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி அளவு கொடுக்க வந்தாள். இடுப்பைச் சுற்றி டேப்பை வைத்து, "முப்பத்தஞ்சரை" என்றேன். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"ஆஸ்பத்திரி டேப்ல முப்பத்தாறு காட்டுதுக்கா. இதுக்குத்தான் உங்ககிட்டயே வர்றது. உங்க டேப்புதான் நல்ல டேப்பு."

அவள் போனபின் எனக்குச் சுருக்கென்றது. எத்தனை பேர் இதையே சொல்லியிருக்கிறார்கள்! "உங்ககிட்ட வந்தா இளைச்ச மாதிரி இருக்கு" என்று எத்தனை பெண்கள்! நாத்தனார் மகளின் பள்ளிக்கூட அடிஸ்கேலை எடுத்து, டேப்பைத் தரையில் நீட்டி, ஐந்து தடவை மாற்றி மாற்றி வைத்தேன். அறுபது என்று போட்ட இடம் அறுபதைத் தாண்டி முக்கால் இஞ்ச் போயிருந்தது.

காரணம் சுவரிலேயே இருந்தது. வேலை முடிந்ததும் டேப்பை ஆணியில் மாட்டுவேன். கத்தரிக்கோல் தொலையாமல் இருக்க அதன் நுனியில் கட்டித் தொங்கவிடுவேன். ஒரு கிலோ இரும்பு, பதினோரு வருடம், ராத்திரி முழுவதும் இழுத்திருக்கிறது. உடுப்பு மட்டும் ஏன் தப்பவில்லை? உடம்பை அளந்ததும் அதே டேப், துணியை வெட்டியதும் அதே டேப். இரண்டு பொய்யும் ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டன. பலகைக்குத்தான் ஒரு பக்கம் வாத்தியார் டேப், மறுபக்கம் என் டேப்.

நாத்தனாரிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடிப்பாவி, ஊரையே இளைக்க வச்சிருக்கியே! வெளிய தெரிஞ்சா பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து உன்னை அடிப்பாங்க."

"அண்ணன் மேல பழி விழுந்துடுச்சுடி."

சிரிப்பு நின்றது. "நீ சொன்னா ஓட்டு விழுமா?"

"விழாது."

"மேசை?"

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையிலிருந்து எழுந்தேன்.

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு. அவரு ஆம்பளை, உப்புத்தாள் தேய்ச்சா ஒண்ணும் குறைஞ்சு போயிடமாட்டாரு. உன் இடுப்பு போனா யார் தருவா?" என்றாள். அவளும் பொல்லாதவள் இல்லை. ராத்திரி என் இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிடுகிறவள் அவள்தான்.

சனிக்கிழமை வரை நான் அந்த டேப்பால் எதையும் அளக்கவில்லை. அடுப்பில் போடலாம் என்று ஒரு தடவை கையில் எடுத்தேன். பிறகு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். சொல்லத்தான் எடுத்துப் போனேனா, வழியில் எறியத்தான் எடுத்துப் போனேனா, இன்றுவரை எனக்கே தெரியாது.

திரும்பி வந்த அலமாரி பின்கட்டின் நடுவில் நின்றது, அழைக்காமல் வந்த விருந்தாளி மாதிரி. வட்டமாக நின்றோம். "பத்து." "பத்து." டிரைவர் அண்ணன் முறை. அவர் கையை விரிக்கவில்லை. ஒரு பழைய துண்டில் சுற்றிய ரம்பத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என் கை விரலை இனிமே எண்ண வேண்டாம் சார். உப்புத்தாள்ல யாருக்கு விரல் போகப்போகுது?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தத் துண்டை அவர் எவ்வளவு பதமாகச் சுற்றியிருந்தார் தெரியுமா? குழந்தையைச் சுற்றுவதுபோல. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அண்ணே, கோடுதான் தப்பு. நான் போட்ட கோடு."

என் டேப்பை மேசையில் நீட்டினேன். பக்கத்தில் இரும்பு டேப்பை இழுத்து வைத்தேன். கத்தரிக்கோல் கதையைச் சொன்னேன், நர்ஸ் கதையையும் சொன்னேன்.

டிரைவர் அண்ணன் இரண்டு டேப்பையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டிக்கொடுப்பார் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"ஒரு வாரம் தங்கச்சி! ஒரு வாரம் நான் டம்ளரைக்கூட ரெண்டு கையால பிடிச்சுக் குடிச்சேன். என் கையை நானே நம்பல. உனக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கிழமை."

"இன்னைக்கு என்ன கிழமை?"

அப்போதுதான் தபால்காரர் குறுக்கே வந்தார்.

"அக்கா டேப்பு மட்டும்தான் பொய் சொல்லுதா? எல்லாரும் அவங்கவங்க டேப்பை எடுங்கப்பா, பாப்போம்."

ஆறு இரும்பு டேப்பையும் வரிசையாக நீட்டினோம். சத்தியமாகச் சொல்கிறேன், நாலு ஒன்றாக நின்றது. தபால்காரருடையது நுனிக் கொக்கி வளைந்து ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச், குறைந்தது. மூலைமட்டத்தின் டேப்? அதுவும் ஓர் அரிசி அளவு தள்ளித்தான் நின்றது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். டேப் மாறவில்லை.

"இனிமே," என்று தொண்டையைக் கனைத்தார், "ஒரு வேலைக்கு ஒரே டேப்."

பிறகு டிரைவர் அண்ணன் பக்கம் திரும்பி, துண்டோடு அந்த ரம்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது, வாத்தியார் இல்லையா? ரம்பத்தின் கைப்பிடி அண்ணன் பக்கம் இருக்கும்படி திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

திருகாணிகளைக் கழற்றி ஐந்து தட்டுகளையும் எடுத்தோம். அண்ணன் நூலகத்தை அளந்த அதே வாத்தியார் டேப்பை என்னிடம் நீட்டினார். "போடு கோடு."

"நானா?"

"பின்ன? ஊரை இளைக்க வச்ச, அலமாரியை இளைக்க வைக்க மாட்டியா?"

கோடு போட்டேன். அதற்கு முன் மூலைமட்டம் மாதிரியே மூன்று தடவை அளந்தேன். அண்ணன் அறுத்தார், எல்லாரும் சுற்றி நின்று பார்க்க. பாதிக் கோடு பலகையில் நின்றது, பாதி தூளில் விழுந்தது. தலைமுடியைக் கீறியதுபோல அறுத்தார். அன்று சாயங்காலமே நூலகம் மூடுவதற்குள் கொண்டுபோய் வைத்தோம். தூணுக்கு நடுவில் இழுப்பறை போல வழுக்கிக்கொண்டு போனது.

திரும்பி வந்துதான் ஓட்டு. எங்கள் ஓட்டுக்குச் சீட்டு கிடையாது. சரி என்றால் டப்பாவில் மரம் இழைக்கும்போது விழுகிற ஓர் இழைப்புச் சுருள், வேண்டாம் என்றால் ஒரு கோணல் ஆணி. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ஒவ்வொன்றாக விழுந்தது. சுருள் விழுந்தால் சத்தம் வராது. ஐந்து பேர் போனார்கள், சத்தமே இல்லை. ஆறாவதாக 'ணங்' என்றது.

மூலைமட்டம்தான். ஒளிக்கவும் இல்லை. "அது நான் போட்டது. செவ்வாக்கிழமை தெரிஞ்சு சனிக்கிழமை சொன்னதுக்கு. ஆனா அஞ்சு பேர் சரின்னுட்டாங்க. அடுத்த வாரம் மேசைக்குப் பலகை பார்த்து வைங்க."

டிரைவர் அண்ணன் சுருள் போட்டாரா என்று கேட்காதீர்கள். போட்டார். ஆனால் ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமலே என் மேசைக்கு நாலு காலும் அறுத்துக் கொடுத்தார். ஐந்தாவது வாரம் தேய்த்து முடித்த மேசையில் தன் டம்ளரை ஒரு கையால் வைத்து, "ஆடுதா பாரு" என்றார். டம்ளர் ஆடவில்லை, மேசையும் ஆடவில்லை.

அந்த மேசைதான் இது, நான் முழங்கை ஊன்றிச் சாய்ந்து நிற்கிறேனே, இதுதான். அடியில் குனிந்து பாருங்கள், ஓரத்தில் அந்தத் துணி டேப்பை ஆணியடித்து வைத்திருக்கிறேன். இனி நீளாது. புது டேப் வாங்கியதும் தெருவில் எல்லாப் பெண்களும் ஒரே வாரத்தில் அரை இஞ்ச் குண்டானார்கள், அந்த வசவை நான் எத்தனை நாள் கேட்டேன் என்பது தனி. சங்கம் இப்போது வேறு பெரிய கட்டடத்தில் நடக்கிறது, முப்பது பேர் இருக்கிறார்கள், நாற்காலிகூட இருக்கிறது. போய் வந்தேன். நல்ல பிள்ளைகள். ஆனால் சனிக்கிழமை மூன்று மணிக்கு என் காதுக்கு அந்த ஆறு குரலும்தான் வரிசையாக வரும். ஐந்து பத்து, ஓர் ஒன்பதரை. அதில் யாரும் இப்போது இல்லை. நூலகத்தில் பிள்ளைகள் அந்த அலமாரியில் ஏறி மேல்தட்டுப் புத்தகத்தை எடுக்கிறார்கள், தட்டு வளையவில்லை.

சரி, நேரமாயிற்று, எழுந்திருங்கள். உங்கள் வீட்டுக் கதவு உராயாமல் சாத்தட்டும், உங்கள் மேசை ஆடாமல் நிற்கட்டும். உங்களில் யார் தப்புச் செய்தாலும் செவ்வாய்க்கிழமை தெரிந்தது செவ்வாய்க்கிழமையே வாயில் வரட்டும். விளக்குப் போடுகிற நேரத்தில் எண்ணிப் பார்த்தால், வீட்டை விட்டுப் போன அத்தனை பேரும் அத்தனை விரலோடும் திரும்பி வந்திருக்கட்டும்.