யார் வழிக் கோளாறு

“என்ன எழுத்து? வாயத் தொறந்து சொல்லு!”

கனகலிங்கத்தின் விரல் புத்தகத்தின் மேல் ஊன்றியிருந்தது. ஏழு வயதுப் பேத்தி சுரேகா, முட்டிக்கொண்டு வந்த கண்ணீரோடு சொன்னாள்.

“பி… ஏ… டி…”

“சேத்துச் சொல்லு.”

“பியேட்டி.”

“பியேட்டியாம்! பேட்!” மேசையில் ஓங்கி அறைந்தார். “என் அப்பா வெள்ளைக்காரன் காலத்துல ரயில்வே கிளார்க். நான் ஹெட் கிளார்க். இந்த வீட்டுப் பிள்ளைக்கு ‘பேட்’ படிக்க வரல. எல்லாம் தாய் வழி ரத்தம். பால்மரம் வெட்டுன குடும்பத்துல பொண்ணெடுத்தா வேற எப்படி இருக்கும்?”

சமையலறையில் நின்ற மருமகள் குளோரியாவின் காதில் விழ வேண்டுமென்றே சொன்ன சொல் அது.

யாழ்ப்பாணத்து வேர், அரசாங்க உத்தியோகம் என்று பெருமை பேசும் அந்த பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு, ரவாங் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளி ரபேலின் மகளான அவள் காதல் கல்யாணம் செய்து வந்தவள். சுரேகா நன்றாகப் பாடினால் அது அப்பன் வழி. சுரேகா தடுமாறினால் அது தாய் வழி. இதுதான் அந்த வீட்டின் சட்டம்.

“உங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கணவன் கௌசிகனிடம் கேட்டாள்.

அவன் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “வயசானவர்லா. காதுல போட்டுக்காத.”

“நான் போட்டுக்கல. பிள்ளை போட்டுக்குதே!”

அந்தச் சனிக்கிழமையே மகளைக் கூட்டிக்கொண்டு கொமூட்டர் ரயில் ஏறினாள். செந்தூலில் ஒரு தேவாலய மண்டபத்தில், வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு ரமணி டீச்சர் வகுப்பு நடத்துவதாகக் கேள்விப்பட்டிருந்தாள்.

டீச்சர் சுரேகாவைச் சற்று நேரம் படிக்க வைத்துப் பார்த்தார். “எழுத்தோட பேரு இவளுக்கு நல்லாத் தெரியுது. சத்தந்தான் தெரியல. ‘பி’ங்கிறது பேரு, ‘ப்’ங்கிறதுதான் சத்தம். பேரை எல்லாம் சேத்தா எப்படிம்மா வார்த்தை வரும்? சில பிள்ளைங்களுக்கு இது மெதுவாத்தான் பிடிபடும். திட்டாம, தினமும் கொஞ்சங் கொஞ்சமா சத்தத்தை ஒட்ட வைங்க.”

இந்த நாலு வார்த்தையைப் பள்ளியில் யாருமே சொல்லவில்லை. கடைசி வரிசையில் உட்கார வைத்ததோடு சரி.

வீட்டில் தாயும் மகளும் சத்தங்களை ஒட்ட வைக்க ஆரம்பித்தார்கள். இரண்டு சத்தம் ஒட்டும், மூன்றாவது வரும்போது முதலாவது நழுவிவிடும். குளோரியாவுக்கே சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. எப்படியோ கொஞ்சம் பிடிபட்டு வந்தால், மாலையில் கனகலிங்கம் பிள்ளையைக் கூப்பிட்டு ஸ்பெல்லிங் கேட்பார். மருமகள் பகலில் கட்டியதை மாமனார் மாலையில் இடிப்பார்.

“மாமா, எழுத்தோட பேரு இப்ப வேணாம்னு டீச்சர் சொல்றாங்க.”

“எனக்கே பாடமா? உங்க தோட்டத்து டீச்சர்கிட்ட போய்ச் சொல்லு.”

தாத்தாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே சுரேகா கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

பள்ளி விடுமுறை முடிவதற்குள் அவள் ஒரு முழுப் பக்கத்தைத் திக்கித் திக்கிப் படித்தாள். குளோரியா பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள். “இதுக்குப் போயா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்றார் கனகலிங்கம்.

சில வாரம் கழித்து அவருடைய மகள் ஜெயமாலா, மகன் ஷானோடு அம்பாங்கிலிருந்து வந்தாள். பெரிய தனியார் பள்ளியில் படிக்கும் பையன். வந்ததும் ஜெயமாலா சோபாவில் சரிந்து அழுதாள். “இவனுக்கு வாசிக்கவே வரலையாம்ப்பா. டீச்சர் கூப்பிட்டுச் சொல்றாங்க.”

கனகலிங்கம் பேரனை மடியில் இழுத்துக்கொண்டார். “பாவம் பிள்ளை. கெட்டிக்காரப் பிள்ளைங்களுக்கு லேட்டாத்தான் வரும். அந்த ஸ்கூல் சரியில்ல.”

தேநீரோடு வந்த குளோரியா அப்படியே நின்றாள். சுரேகாவுக்கு ஒருநாளும் கிடைக்காத குரல் அது.

“குளோரியா, சுரேகாவுக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி இவனுக்கும் சொல்லிக் குடுக்கிறியா?” என்று கேட்டாள் ஜெயமாலா.

வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிடலாம் போலிருந்தது. ஆனால் பையன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானது.

“வா ஷான்,” என்றாள்.

இரண்டு பிள்ளைகளையும் அறையில் உட்கார வைத்தபோது, கனகலிங்கமும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். “முதல்ல ஸ்பெல்லிங். ஷான், சொல்லு…”

“மாமா, நீங்க ஹால்ல போய் உக்காருங்க. இங்க நான் சொல்லிக் குடுக்கிறேன்.”

அந்த வீட்டில் அவள் குரல் அப்படி ஒலித்ததே இல்லை. அவர் மகளைப் பார்த்தார். ஜெயமாலா தலையைக் குனிந்துகொண்டு, “போங்கப்பா,” என்றாள்.

போனார். ஆனால் ஹாலிலிருந்து அவர் குரல் மட்டும் திரும்பி வந்தது: “நம்ம பக்கம் இந்தக் கோளாறு கிடையவே கிடையாது, ஜெயா. மருமகன் வழியில யாருக்காவது இருந்திருக்கும். விசாரிச்சுப் பாரு.”

ஷான் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தான்.

குளோரியா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். பிறகு வந்து பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள்.

“பேரெல்லாம் மறந்துடுங்க ரெண்டு பேரும்,” என்றாள். “சத்தம் மட்டும் போதும்.”