தேனீக்களின் பசி

லிந்துலை டவுனில் போன் திருத்தும் மிலான், வீட்டுக்குப் பின்னால் இரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருந்தான். அடைமழைக்குப் பிறகு ஒரு பெட்டியில் தேனீக்கள் குறையத் தொடங்கின. அவன் சீனிப்பாகு வைத்தான். அவை முண்டியடித்துக் குடித்தன.

"நல்லாச் சாப்பிடுதுங்க அக்கா. தேறிரும்," என்றான்.

ஆனால் பெட்டிக்கு முன்னால் பறக்க முடியாமல் ஊர்ந்து சாகிறவை கூடிக்கொண்டே போயின. அக்கா இசபெல் விஞ்ஞான ஆசிரியை. செத்த தேனீ ஒன்றின் குடலை நசுக்கி, பாடசாலை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தாள். அரிசிமணி வடிவத்தில் நோய்க்கிருமியின் வித்திகள் நிறைந்திருந்தன.

"குடல்ல நோய்டா. திங்கிறதெல்லாம் கிருமிக்குத்தான் போகுது. அதனாலதான் இவ்வளவு பசி. எதிர்ப்புச் சக்தியும் கொறஞ்சிருச்சு, வேற நோய் வந்தாலும் தாங்காதுங்க."

"இதுங்கள மத்தப் பெட்டியோட சேத்துட்டா பொழைக்காதா?"

"அதுவும் போயிரும். இத எரிச்சிரு."

மிலானுக்கு மனம் வரவில்லை. மறுநாளும் பெட்டிக்கு வெளியே ஒரு தட்டில் பாகு வைத்தான். சற்று நேரத்தில் நல்ல பெட்டியின் தேனீக்களும் அதே தட்டுக்கு வந்து இறங்கின. அவன் பாய்ந்துபோய்த் தட்டைக் கவிழ்த்தான்.

அன்று மாலை தேனீக்கள் அடங்கியதும் நோய்ப்பெட்டியின் வாசலை அடைத்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். உள்ளே எழுந்த இரைச்சல் அடங்கும்வரை அங்கேயே நின்றான்.

சில வாரங்கள் கழித்து, மிஞ்சிய பெட்டியின் தேனீக்கள் சிலவற்றை இசபெல் சோதித்தாள்.

"ஒன்னுமில்லடா. சுத்தமா இருக்கு."

"இன்னொருக்கா பாருங்க அக்கா," என்றான் மிலான்.

அவள் மறுபடியும் குனிந்து பார்த்தாள்.